கணிப்பைத் திருத்துவதற்கு முன்னால்: தொழிற்சாலையில் விநியோகத் திட்டமிடல், புதியவர்களுக்கு

சிங்கப்பூரில் துவாஸிலோ உட்லண்ட்ஸிலோ ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் மாதத்தின் கடைசி வாரம் எப்படிப் போகும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அனுப்ப வேண்டிய சரக்கில் பாதி தயாராக இருக்கும். மீதிப் பாதி ஏதோ ஒரு சின்னப் பாகத்துக்காக மேசைமேல் காத்துக்கிடக்கும். விற்பனைப் பிரிவு உற்பத்தியைக் கேட்கும், உற்பத்தி கொள்முதலைக் கேட்கும், கொள்முதல் சப்ளையருக்கு ஃபோன் போடும். கடைசியில் யாராவது ஒருவர் "ஃபோர்காஸ்ட் தப்பாப் போச்சு" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த மாதமும் அதேதான் நடக்கும்.

ஸ்டோரிலிருந்தோ உற்பத்தி வரிசையிலிருந்தோ பிளானர் நாற்காலிக்குப் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு தாமதமாவதற்குக் கணிப்பை நாம் தேவைக்கு மேல் திட்டுகிறோம். வாடிக்கையாளர் அடுத்த மாதம் எத்தனை கேட்பார் என்பது நம் கையில் இல்லை. ஆனால் ரேக்கில் எத்தனை இருக்கிறது, சப்ளையர் உண்மையில் எத்தனை வாரத்தில் தருகிறார் என்ற இரண்டும் நம்மால் தெரிந்துகொள்ளக் கூடியவை. பெரும்பாலான இடங்களில் இந்த இரண்டு எண்களே தப்பாக இருக்கின்றன. அவை தப்பாக இருக்கும்வரை கணிப்பு எவ்வளவு சரியாக இருந்தும் பலனில்லை.

சரி, விநியோகத் திட்டமிடல் என்பதுதான் என்ன? எதை, எத்தனை, எப்போது செய்ய வேண்டும், அதற்கு என்னென்ன பொருள் எந்தத் தேதிக்குள் கைக்கு வர வேண்டும், செய்ய ஆளும் இயந்திரமும் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைப்பது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தப் பதில்களைக் கண்டுபிடிக்கும் வழிகள்.

விளக்கத்துக்காக ஒரு தொழிற்சாலையை நாமே கட்டிக்கொள்வோம். செனோக்கோ பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் தண்ணீர் பம்புகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறார்கள். தகரப் பெட்டி மலேசியாவின் ஜொகூரிலிருந்து லாரியில் வருகிறது. சர்க்யூட் போர்டு சீனாவின் சென்ஜெனிலிருந்து கப்பலில். ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) ஜப்பானிலிருந்து. வயர், ஸ்க்ரூ போன்றவை உள்ளூர்க் கடையில். ஒரு பெட்டிக்கு மொத்தம் 20 வகைப் பாகங்கள். மாதம் 500 பெட்டி விற்கிறது.

பெட்டியைக் கணியுங்கள், ரிலேயைக் கணிக்காதீர்கள்

கல்யாணத்துக்கு 500 பேர் என்று முடிவானால் சமையற்காரர் அரிசியைத் தனியாக, பருப்பைத் தனியாகக் கணித்துக்கொண்டிருக்க மாட்டார். ஆள் கணக்கிலிருந்து சாமான் பட்டியலைப் பிரித்து எழுதுவார். தொழிற்சாலையிலும் இதே முறைதான். பெட்டி எத்தனை என்பதை மட்டும் கணிக்க வேண்டும். ரிலே, போர்டு, வயர் எல்லாம் அந்த எண்ணிலிருந்து கணக்குப் போட்டு வர வேண்டியவை. சமையற்காரரின் பட்டியலுக்குத் தொழிற்சாலையில் பிஓஎம் என்று பெயர். ஒரு பெட்டிக்கு எந்தப் பாகம் எத்தனை என்பது அதில் இருக்கும்.

கேட்க எளிமையாக இருந்தாலும், 1960-களுக்கு முன் பல தொழிற்சாலைகள் இப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி வாங்குவார்கள். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் ஆர்லிக்கி என்ற பொறியாளர் 1960-களில் கணினியை வைத்து இந்தப் பிரித்தெழுதும் கணக்கை ஒரு முறையாக வளர்த்தார். அதைத்தான் இன்று எம்ஆர்பி என்கிறோம். நிறுவனத்தின் எல்லாப் பிரிவுக் கணக்கையும் ஒன்றாக வைத்திருக்கும் ஈஆர்பி என்ற பெரிய பெரிய மென்பொருள்களின் வயிற்றுக்குள்ளும் இதே கணக்குத்தான் ஓடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டிக்கு 3 ரிலே. 500 பெட்டிக்கு 1,500. சிஸ்டத்தில் இருப்பு 700. ஏற்கெனவே ஆர்டர் போட்டு வந்துகொண்டிருப்பது 400. ஆக, இன்னும் 400 வேண்டும். சப்ளையர் 500-க்குக் குறைந்து விற்பதில்லை, அதனால் 500 ஆர்டர். ரிலேயின் லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு கைக்கு வரும்வரை ஆகும் காலம், 9 வாரம். 14-ஆம் வாரத்தில் பாகங்களைப் பூட்டிப் பெட்டி செய்யத் தொடங்க வேண்டும் என்றால் 5-ஆம் வாரத்துக்குள் பிஓ (கொள்முதல் ஆணை) கிளம்பியிருக்க வேண்டும். 100 ரிலே கூடுதலாகவே வாங்கியிருக்கிறோம், பயமில்லை என்று பிளானர் நினைப்பார்.

14-ஆம் வாரம் ஸ்டோரிலிருந்து ஃபோன் வரும். "அண்ணே, சிஸ்டத்துல 700 காட்டுது, ரேக்குல 520-தான் இருக்கு." இப்போது மொத்தம் 520 கூட்டல் 400 கூட்டல் 500, அதாவது 1,420. அதை வைத்து 473 பெட்டிதான் முடியும். 27 பெட்டி நிற்கும். ஜப்பானிலிருந்து மறுபடி வர 9 வாரம். அவசரத்துக்கு விமானத்தில் வரவழைத்தால் அந்தச் செலவு லாபத்தைத் தின்றுவிடும். இந்தக் கதையில் கணிப்பு துளிகூடத் தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். 500 என்று சொன்னார்கள், 500-தான் கேட்டார்கள்.

அந்த 180 ரிலே எங்கே போனது? திருட்டு என்று உடனே நினைக்க வேண்டாம், அது அபூர்வம். இரவு ஷிஃப்டில் அவசரத்துக்கு எடுத்தவர் ஸ்கேன் பண்ணியிருக்க மாட்டார். பழுதாகித் தூக்கிப் போட்டதை யாரும் பதிவு செய்திருக்க மாட்டார்கள். சர்வீஸ் பிரிவு வாடிக்கையாளர் இடத்துக்கு நாலைந்து எடுத்துப் போயிருக்கும். பிஓஎம்மில் 3 என்று இருக்கும், ஆனால் புதிய மாடலில் வடிவமைப்பாளர் நான்காவது ஒன்றைச் சேர்த்திருப்பார், அலுவலகத்தில் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார். சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளில் இன்னொரு காரணமும் உண்டு: இடம். பல மாடித் தொழிற்சாலைக் கட்டடத்தில் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்போது ஒரே ரேக்கில் மூன்று பொருளை அடுக்குவார்கள், மிச்சத்தை எங்காவது ஒரு மூலையில் தள்ளுவார்கள். நடைபாதையில் பலகையோடு சரக்கை நிறுத்தினால் தீப்பாதுகாப்பு விதி மீறல், அதனால் சோதனை வருகிறது என்றதும் அவசரமாக இடம் மாற்றுவார்கள். மாற்றிய இடம் சிஸ்டத்தில் ஏறாது. பொருள் கட்டடத்துக்குள்தான் இருக்கும், யார் கண்ணுக்கும் படாது.

இதில் ஒரு சின்னக் கணக்கு எனக்குப் பிடிக்கும், புதிதாக வருபவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். 20 பாகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தேவைப்படும் நாளில் கையில் இருப்பதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் 20-ம் ஒரே நாளில் இருப்பதற்கான வாய்ப்பு, 0.95-ஐ 20 தடவை பெருக்கினால், வெறும் 36 விழுக்காடு. மூன்று தடவையில் இரண்டு தடவை ஏதோ ஒன்று குறையும். அதையே ஒவ்வொரு பாகத்துக்கும் 99 ஆக்கினால் 82-க்கு ஏறிவிடும். மாதக் கடைசிக் கூச்சல் ஏன் நிற்பதே இல்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பிரிவும் "நாங்கள் 95 விழுக்காடு சரி" என்று அறிக்கை கொடுக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பெட்டி முடியாது.

இதற்கு மருந்து சலிப்பான ஒன்று: தினமும் கொஞ்சம் எண்ணுவது. வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சாலையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் எண்ணுவதால் கணக்காளருக்கு எண் கிடைக்கும், பிளானருக்கு ஒன்றும் கிடைக்காது. அடுத்த மாதமே மறுபடி பிசகிவிடும். அதற்குப் பதில், விலை அதிகமான, அல்லது கிடைக்க நாளாகும் சில பாகங்களை மாதம் ஒருமுறை, நடுத்தரமானவற்றைக் காலாண்டுக்கு ஒருமுறை, ஸ்க்ரூ போன்றவற்றை வருடத்துக்கு ஒருமுறை எண்ணினால் போதும். எண்ணியதும் சிஸ்டத்தைத் திருத்துவதோடு நிறுத்தாமல், ஏன் வித்தியாசம் வந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் குற்றம் சாட்டுவதுபோல் கேட்டால் அடுத்த முறை ஸ்டோர்காரர் எண்ணை "சரிசெய்து" கொடுப்பார். மனிதர்கள் அப்படித்தான்.

லீட் டைம் என்ற அரைப் பொய்

இனி இரண்டாவது எண். சிஸ்டத்தில் ரிலேயின் லீட் டைம் 9 வாரம் என்று இருக்கிறது. யார் எப்போது போட்டது? பெரும்பாலும் சிஸ்டத்தை நிறுவிய காலத்தில் யாரோ சப்ளையரின் விலைப்பட்டியலைப் பார்த்துத் தட்டியது. அதற்கப்புறம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

லீட் டைம் என்றதும் கப்பல்தான் நம் மனதில் வரும். ஆனால் சென்ஜெனிலிருந்து சிங்கப்பூர் வரும் கப்பல் கடலில் இருப்பது சில நாள்தான். சிங்கப்பூர் சுங்க அனுமதியும் பெரிய தடையல்ல. 1989-இல் டிரேட்நெட் என்ற மின்னணு முறை வந்ததிலிருந்து, முன்பு நாள் கணக்கில் இழுத்த வேலை நிமிடக் கணக்குக்கு வந்துவிட்டது. மீதி நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், கொள்முதல் கோரிக்கை மேலாளரின் கையெழுத்துக்காகக் காத்திருந்த நாள்கள், சப்ளையரின் வரிசையில் நம் முறைக்குக் காத்திருந்த வாரங்கள், கொள்கலன் நிரம்பும்வரை சரக்கு அனுப்புபவரின் கிடங்கில் கிடந்த நாள்கள், கடைசியாக நம் வாசலுக்கு வந்தபின் கியூசி என்ற தரச் சோதனைக்காகக் கிடந்த நாள்கள். முதலும் கடைசியும் நம் கட்டடத்துக்குள்ளேயே நடப்பவை. சப்ளையரிடம் ஒரு வாரம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவதைவிட, வந்த பெட்டியை அன்றைக்கே பிரித்துப் பார்ப்பது சுலபம்.

நாள்காட்டியும் உண்டு. சீனப் புத்தாண்டுக்கு இங்கே இரண்டு நாள் பொது விடுமுறை. சீனாவில் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம், எல்லாரும் திரும்புவார்கள் என்பதற்கும் உறுதியில்லை. 2026-இல் புத்தாண்டு பிப்ரவரி 17. அந்த வருடம் மார்ச்சில் பெட்டி பூட்டுவதற்கான போர்டை ஜனவரியில் நினைத்துக்கொண்டால் காலம் கடந்துவிடும். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது ஜொகூர்ப் பட்டறையின் வேகம் குறையும். தீபாவளிக்கு நம் ஆட்களே ஊருக்கு விடுப்பு கேட்பார்கள். இவை எல்லாம் ஒரு வருடம் முன்பே தெரிந்த தேதிகள். இருந்தும் ஒவ்வொரு வருடமும் "எதிர்பாராத" தாமதமாக அறிக்கையில் ஏறுகின்றன.

எதிர்பாராதவையும் நிஜமாகவே உண்டு. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தன. அட்டவணை குலைந்து, கூட்டங்கூட்டமாகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 2024 மே மாத வாக்கில் இங்கே கப்பல் அணையும் தளத்துக்காக இரண்டு, மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. துறைமுகத்தை நடத்தும் பிஎஸ்ஏ நிறுவனம் பழைய கெப்பல் முனையத்தின் தளங்களைக்கூட மறுபடி திறந்தது. அந்த வருடம் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்டது 4 கோடியே 11 லட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடிக் கொள்கலன்களுக்குச் சமமான சரக்கு, அதுவரை காணாத அளவு. உலகின் மிகத் திறமையான துறைமுகங்களில் ஒன்றின் பக்கத்தில் இருப்பதால் நமக்கு எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு அந்தச் சில மாதங்கள் நல்ல பாடம்.

இங்கேதான் புதியவர்கள் பலரும் தவறவிடும் விஷயம். சரக்கு சராசரியாக எத்தனை வாரத்தில் வருகிறது என்பதைவிட, அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு முன்பின்னாக வருகிறது என்பதே நம் கிடங்கை நிரப்புகிறது. எண்களோடு பார்க்கலாம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எதிர்பாராத தேவைக்காக வைக்கும் கூடுதல் இருப்பை சேஃப்டி ஸ்டாக் என்கிறோம். நம் தொழிற்சாலையில் வாரம் 125 பெட்டி, அதாவது 375 ரிலே தேவை. சில வாரம் கூடும், சில வாரம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்ற அளவு, 60 ரிலே என்று வைத்துக்கொள்வோம். லீட் டைம் 9 வாரம், அது ஒருநாளும் மாறாது என்றும் வைத்துக்கொள்வோம். 100 தடவையில் 95 தடவை தட்டுப்பாடு வரக்கூடாது என்றால், புள்ளியியல் அதற்குத் தரும் எண்ணான 1.65-ஐ 60-ஆல் பெருக்கி, அதை 9-இன் வர்க்கமூலமான 3-ஆல் பெருக்க வேண்டும். விடை 297. சுமார் 300 ரிலே கூடுதலாக இருந்தால் நிம்மதி.

இப்போது உண்மை உலகத்துக்கு வருவோம். சப்ளையர் சில முறை 8 வாரத்தில் தருகிறார், சில முறை 10, எப்போதாவது 11. திட்ட விலக்கம் ஒரு வாரம். இதைக் கணக்கில் சேர்க்க, தேவையின் அலைச்சலையும் (ஏற்ற இறக்கத்தையும்) காலத்தின் அலைச்சலையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 60-இன் வர்க்கத்தை 9-ஆல் பெருக்கினால் 32,400. ஒரு வாரத் தேவையான 375-இன் வர்க்கம் 1,40,625. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 416. அதை 1.65-ஆல் பெருக்கினால் 686. முந்நூறாக இருந்தது எழுநூறை நெருங்கிவிட்டது. வாடிக்கையாளர் ஒன்றும் மாறவில்லை. சப்ளையர் ஒரு வாரம் முன்பின்னாகத் தருகிறார், அவ்வளவுதான்.

சரி, இதைக் குறைக்க முதலாளி பணம் தருகிறார், இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நல்ல கணிப்பு மென்பொருள் வாங்கி, தேவையின் அலைச்சலை 60-இலிருந்து 45-ஆகக் குறைப்பது. கால் பங்கு முன்னேற்றம், சாதாரணமல்ல. கணக்கைத் திரும்பப் போட்டால் சேஃப்டி ஸ்டாக் 686-இலிருந்து 658-ஆகிறது. இரண்டாவது வழி, சப்ளையரோடு உட்கார்ந்து பேசி, ஆர்டரை முன்கூட்டியே உறுதிசெய்து, கியூசி காத்திருப்பை ஒழித்து, காலத்தின் அலைச்சலை ஒரு வாரத்திலிருந்து அரை வாரமாக்குவது. இப்போது விடை 429. ஒரு ரிலே 20 வெள்ளி என்றால், முதல் வழியில் 560 வெள்ளி மிச்சம், இரண்டாவதில் 5,140 வெள்ளி. இது ஒரே ஒரு பாகத்துக்கு.

எல்லாத் தொழிற்சாலைக்கும் இதே விகிதம் வரும் என்று சொல்லவில்லை. தேவை தாறுமாறாக ஆடும் பொருள்களில், உள்ளூரில் இரண்டே நாளில் கிடைக்கும் பாகங்களில் விடை தலைகீழாகவும் வரும். ஆனால் பெரும்பகுதிப் பாகங்களைக் கடல் தாண்டி வரவழைக்கும் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளில், காலத்தின் அலைச்சலே பெரிதாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

கணிப்பு பற்றி, சுருக்கமாக

கணிப்பு தப்பும். எவ்வளவு தப்புகிறது என்பதைவிட, எந்தப் பக்கம் தப்புகிறது என்பது முக்கியம். ஒரு மாதம் கூட, ஒரு மாதம் குறைய என்றால் சேஃப்டி ஸ்டாக் சமாளிக்கும். எல்லா மாதமும் கூடவே வந்தால், விற்பனைப் பிரிவு பாதுகாப்புக்காக ஊதிச் சொல்கிறது என்று அர்த்தம். அதற்குப் புள்ளியியல் தேவையில்லை, ஒரு காப்பி குடித்துக்கொண்டே பேசித் தீர்க்கலாம். அப்புறம், ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகக் கணிப்பதைவிட மொத்தப் பெட்டிகளையும் சேர்த்துக் கணித்தால் பிழை குறையும், ஒன்றின் கூடுதலை இன்னொன்றின் குறைவு ஈடுகட்டிவிடும். பொதுவான பாகங்களை அந்த மொத்தக் கணக்கில் வாங்கிவிட்டு, எந்த மாடல் என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது, நமக்கு வரும் ஆர்டர் உண்மையான தேவைதானா என்பது. ஒரு விநியோகஸ்தர் வாரம் 100 பெட்டி விற்கிறார், எப்போதும் இரண்டு வார இருப்பு வைத்துக்கொள்கிறார். ஒரு வாரம் விற்பனை 110 ஆகிறது. அவருடைய இருப்பு 200-இலிருந்து 220-ஆக உயர வேண்டும், ஆகவே நம்மிடம் 110 கூட்டல் 20, அதாவது 130 கேட்கிறார். நாமும் இரண்டு வார இருப்பு வைக்கிறவர்கள். 130 என்றதும் நம் இருப்பை 260 ஆக்க நினைத்து 190 செய்கிறோம். நமக்குப் பாகம் தருபவர் 190-ஐப் பார்த்து, அதே கணக்கில், 370-க்கு ஓடுகிறார். கடையில் 10 விழுக்காடு கூடியது, மூன்றாவது ஆளிடம் 270 விழுக்காடாகப் போய்ச் சேர்கிறது. யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. அடுத்த வாரம் விற்பனை 100-க்குத் திரும்பும்போது எல்லாருடைய கிடங்கும் வழியும்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரின் குழுவினர் இதை ஒரு விளையாட்டாகவே செய்துவிட்டார்கள். நான்கு பேர் பீர் விற்பனைச் சங்கிலியில் கடைக்காரர் முதல் தொழிற்சாலைவரை உட்கார்ந்து ஆர்டர் போடும் விளையாட்டு. உலகமெங்கும் வணிகக் கல்லூரிகளில் இன்றும் ஆடப்படுகிறது, ஏறக்குறைய எல்லாக் குழுவும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்ளும். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் குழந்தை டயப்பர் விற்பனையில் இதையே கண்டது. குழந்தைகள் டயப்பரை நனைக்கும் வேகம் பெரிதாக மாறாது, ஆனால் விநியோகஸ்தர்களின் ஆர்டர்கள் மட்டும் குதித்துக்கொண்டிருந்தன. அதனால் பெரிய ஆர்டர் வந்ததும் சந்தோஷப்படுவதற்கு முன், அதில் எத்தனை கட்டடத்தில் ஏறப்போகிறது, எத்தனை அவர்கள் ரேக்கில் ஏறப்போகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பல வாடிக்கையாளர்கள் தயங்காமல் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஆளும் இயந்திரமும்

எம்ஆர்பி கணக்குக்கு ஒரு குருட்டுத்தனம் உண்டு. பொருள் இருந்தால் போதும், செய்துவிடலாம் என்று அது நம்பும். நம் தொழிற்சாலையில் முடிந்த பெட்டியைச் சோதிக்க ஒரே ஒரு மேசைதான் இருக்கிறது, ஒரு பெட்டிக்கு 20 நிமிடம். மணிக்கு 3, எட்டு மணி நேரத்தில் 24, 22 வேலை நாளில் 528. மற்ற இடங்களில் எத்தனை ஆள் சேர்த்தாலும் மாதம் 528-க்கு மேல் வெளியே போகாது. 500 என்பதே கழுத்துவரை. ஒரு நாள் மேசை பழுதானால் கதை முடிந்தது.

"ஓடி போடலாமே", அதாவது மிகைநேர வேலை வைக்கலாமே, என்பார்கள். போடலாம். ஆனால் வேலை நியமனச் சட்டப்படி ஒருவர் மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் மிகைநேர வேலை செய்யக்கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஓடியில் தள்ளுவது திட்டமில்லாததற்குக் கட்டும் அபராதம். ஆள் வரவே முடியாத நாளும் வரும். 2020 மார்ச் 18 அன்று, கொரோனா காலத்தில், மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அமல்படுத்தியபோது சரக்கு லாரிகள் ஓடின. ஆனால் தினமும் ஜொகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி வந்துபோன தொழிலாளர்களால் அப்படி வரமுடியவில்லை. பாகத்துக்கு மாற்று சப்ளையர் வைத்திருந்த சில கம்பெனிகளிடம் சோதனை மேசையில் உட்காரத் தெரிந்த இரண்டாவது ஆள் இல்லை. ஆளும் விநியோகத் தொடரில் ஒரு கண்ணிதான் என்பது அப்போது பலருக்கு உறைத்தது.

ஒரே எண், உறைந்த இரண்டு வாரம்

இவ்வளவும் சரியாக இருந்து, விற்பனை 600 என்றும் உற்பத்தி 480 என்றும் நிதிப் பிரிவு 520 என்றும் தனித்தனி எக்செல் வைத்திருந்தால் ஒன்றும் நடக்காது. இதற்காகத்தான் மாதம் ஒருமுறை எல்லாப் பிரிவுத் தலைவர்களும் உட்காரும் கூட்டம். எஸ் அண்ட் ஓபி (விற்பனை, செயல்பாட்டுத் திட்டமிடல்) என்பார்கள். கூட்டத்தின் நோக்கம் ஒன்றே: வரும் சில மாதங்களுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே எண்ணோடு வெளியே வருவது. போன மாதம் யார் தப்பு என்று பேசத் தொடங்கினால் அந்த மணி நேரம் வீண். கூட்டத்தில் முடிவெடுக்கும் அதிகாரமுள்ளவர் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலமே முதலாளி ஒரு வாடிக்கையாளருக்கு ஃபோனில் வேறு தேதி கொடுத்துவிடுவார். இளைய பிளானர் அவரிடம் "முடியாது சார்" என்று சொல்வது நம் சூழலில் சுலபமல்ல. "செய்யலாம் சார், இந்த மூன்று ஆர்டரில் எதைத் தள்ளிவைக்க?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி அவரிடம் போய்விடும்.

கூடவே ஒரு விதி வேண்டும். அடுத்த இரண்டு வார உற்பத்தி உறைந்தது, மேலாளர் கையெழுத்து இல்லாமல் மாற்றக்கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து பாகம் இருந்தால் மாற்றலாம், அதற்கு அப்பால் தாராளமாக. எத்தனை வாரம் என்பதை அவரவர் பாகங்களின் லீட் டைமைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். இந்த வேலி இல்லாத இடத்தில் பிளானர் தினமும் காலையில் நேற்றைய திட்டத்தை அழித்துக்கொண்டிருப்பார்.

இருப்பே வைக்காமல் டொயோட்டா மாதிரி செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே, கிடைக்க நாளாகும் மின்னணுச் சில்லுகளைச் சில மாதத் தேவைக்கு இருப்பில் வைக்கும்படி சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. 2021 சில்லுத் தட்டுப்பாட்டில் மற்றக் கார் நிறுவனங்கள் முதலில் தடுமாறியபோது டொயோட்டா சில மாதங்கள் தாக்குப்பிடித்ததற்கு அந்த இருப்பு ஒரு காரணம். எதைக் குறைவாக வைப்பது, எதைத் தாராளமாக வைப்பது என்று பிரித்தார்கள். நம் ரிலேயும் போர்டும் இரண்டாவது வகை. ஸ்க்ரூ, வயர் முதல் வகை.

மென்பொருளைக் கடைசியாக வைத்திருக்கிறேன், வேண்டுமென்றேதான். சிங்கப்பூரில் சிறு, நடுத்தர நிறுவனங்கள் மென்பொருள் வாங்க எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் போன்ற உதவிகள் உண்டு, தகுதி இருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் இருப்பும் லீட் டைமும் தப்பாக இருக்கும் கம்பெனியில் புது மென்பொருள் தப்பான பிஓவை இன்னும் வேகமாக அச்சடிக்கும்.

இன்றைக்கே தொடங்க எக்செல் போதும். கடந்த 12 மாதத்தில் மூடிய பிஓக்களை எடுத்து, சப்ளையர் பெயர், ஆர்டர் போட்ட தேதி, அவர் சொன்ன தேதி, சரக்கு வாசலுக்கு வந்த தேதி, கியூசி முடிந்து ரேக்கில் ஏறிய தேதி என்று ஐந்து பத்தி போடுங்கள். எல்லாப் பாகத்துக்கும் வேண்டாம், உற்பத்தியை அதிகம் நிறுத்திய பத்துப் பாகத்துக்குப் போதும். வித்தியாசங்களைக் கணக்கிட்டு, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பக்கத்தில் வைத்து, சிஸ்டத்தில் இருக்கும் லீட் டைமோடு ஒப்பிடுங்கள். அரை நாள் வேலை. கடைசி இரண்டு தேதிக்கு நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் தனியாகப் பாருங்கள், அதற்கு எந்த சப்ளையரிடமும் பேச வேண்டியதில்லை.